செவலைக் கோழியின் கால்

சாயங்காலம் ஆறு மணிக்குச் சந்தில் அந்தச் சத்தம் வரும். டிக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டிக்.

பழங்காநத்தத்தில் சோலையின் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஓர் ஆள் மட்டும் போகக்கூடிய சிமெண்டுச் சந்து. வேலை முடிந்து வரும் அவன் முன்வாசலில் நுழைய மாட்டான். சந்து வழியாகக் கொல்லைக்குப் போய்க் கைகால் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவான். வரும்போதே மோதிரம் போட்ட விரலால் சுவரைத் தட்டிக்கொண்டு வருவான். அந்தச் சத்தம் கேட்டால் அவன் மனைவி நாகஜோதி டீக்குப் பாலை அடுப்பில் வைப்பாள்.

சோலை இறந்து மூன்று மாதமாகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து இரண்டு வாரத்தில் சத்தம் திரும்ப வந்தது.

ஜோதி ஒருநாளும் சந்துக் கதவைத் திறந்து பார்த்ததில்லை. அடுப்படியிலிருந்து வந்து தாழ்ப்பாளின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பாள். சத்தம் கதவைக் கடந்து கொல்லைப் பக்கம் போகும். திறந்தால் அங்கே யாரும் இல்லை என்று ஆகிவிடும். திறக்காதவரை யாரோ இருந்தார்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, முக்கியமாகக் கனகலட்சுமியிடம். கனகலட்சுமி சோலையின் அக்கா. காரியத்துக்கு எழுமலையிலிருந்து வந்தவள், துணைக்கு இருக்கிறேன் என்று தங்கிவிட்டாள். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போவதாகச் சொல்வாள். சனிக்கிழமையானால் முழங்கால் வலிக்கும், இல்லாவிட்டால் மழை வரும்போல இருக்கும்.

"இந்த ஞாயித்துக்கெழம கட்டாயம் போறேன், ஜோதி. அதுக்கு முந்தி அந்தச் செவலைக் கோழிய அடிச்சுக் கொழம்பு வச்சிருவோம். நொண்டி நொண்டி எலும்பாப் போச்சு."

"வேணாம் மதினி."

"முட்டையும் போடல. சும்மா ஒக்காந்து திங்குது. என்னைய மாதிரி."

ஜோதிக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் விடவில்லை. சோலை எழுமலைச் சந்தையில் வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்த கோழி அது. கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டதாக வந்து சொன்னான். அவன் கையால் வீட்டுக்கு வந்த கடைசிப் பொருள்.

"காலச் சரி பண்ணிப் பாக்குறேன் மதினி. ஞாயித்துக்கெழமைக்குள்ள ஊண்டி நடக்கலேன்னா ஒங்க இஷ்டம்."

ஜோதி மெடிக்கலில் வேலை பார்க்கிறாள். வியாழக்கிழமை மதியம் அரை நாள் லீவு போட்டுவிட்டு பீட்டாடின், ஆயின்மெண்ட், கட்டுத்துணி, பிளாஸ்திரி எல்லாம் வாங்கி வந்தாள். வெதுவெதுப்பான தண்ணீரில் கல்லுப்பைக் கரைத்துக் கோழியின் காலைக் கால் மணி நேரம் ஊறவைத்தாள். பிறகு கனகலட்சுமி கோழியைத் துண்டால் சுற்றி, தலையையும் மூடி, மடியில் மல்லாத்திப் பிடித்துக்கொண்டாள். தன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எனக்கு ரத்தம் ஆகாது. வெரசா முடி, புள்ள."

"கோழியே சும்மா இருக்கு. ஒங்களுக்கு என்ன மதினி?"

"அது மூஞ்சிய மூடியிருக்கே. எனக்கும் ஒரு துண்டு குடு."

அடிப்பாதம் சுண்டைக்காய் போல வீங்கிச் சுட்டது. நடுவில், முள்போல ஏதோ துருத்திக்கொண்டிருந்த ஒரு கறுப்புப் பொருக்கு. ஊறி இளகியிருந்த அதை ஜோதி இடுக்கியால் மெல்லத் தூக்கினாள். வெந்த மஞ்சள் கரு உதிர்வது மாதிரி கெட்டிச் சீழ் வந்தது. அதற்குள் இடுக்கியில் ஏதோ கடினமாகத் தட்டுப்பட்டது. பிடித்து இழுத்து, பக்கத்திலிருந்த எவர்சில்வர் தட்டில் போட்டாள்.

டிக்.

ஜோதியின் கை அப்படியே நின்றது.

பஞ்சால் துடைத்துப் பார்த்தாள். பச்சைக் கண்ணாடி. ஒரு பக்கம் வளைவு. பதினாறாம் நாள் அவளுக்கு இரண்டு கையிலும் முழங்கை வரை பச்சை வளையல் அடுக்கினார்கள். பிறகு கொல்லையில் துவைக்கிற கல்லருகே அவளை உட்காரவைத்து, அத்தனையையும் கனகலட்சுமிதான் உடைத்தாள். அழுதுகொண்டே உடைத்தாள், அழுதுகொண்டே அந்த இடத்தைக் கூட்டினாள். கூட்டியதில் ஒன்று தப்பியிருக்கிறது. அதை மிதித்த கோழி, வெளியே நீட்டிய நுனி சிமெண்டில் தட்ட, மேய்ச்சல் முடிந்து தினமும் ஆறு மணிக்குச் சந்து வழியாக அடையப் போயிருக்கிறது.

"என்னத்தா சத்தம்?" கனகலட்சுமி திரும்பாமலே கேட்டாள். குரல் மாறியிருந்தது.

"இடுக்கி விழுந்துருச்சு."

கண்ணாடியைப் பஞ்சில் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். புண்ணை பீட்டாடினால் கழுவி, ஆயின்மெண்ட் தடவி, விரல்களுக்கு நடுவே துணியைக் கொடுத்துக் கட்டினாள். ஈரம் படாமலிருக்க அடுப்படியிலேயே அட்டைப்பெட்டியில் வைக்கோல் பரப்பி அதில் கோழியை விட்டாள்.

ஆறு மணியானது. வீட்டிலிருக்கும் மற்றக் கோழிகள் சந்தில் போயிருக்க வேண்டும். ஒரு சத்தமும் இல்லை. கோழியைப் பிழைக்கவைத்து அவரைப் போகவிட்டேனா என்று நினைத்தாள்.

முன்னறையில் டிவி நின்றது. கனகலட்சுமி வந்தாள். அடுப்படியில் ஜோதி இருப்பதைக் கவனிக்காதவள் போல நேரே சந்துக் கதவிடம் போனாள். தாழ்ப்பாளின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வெகுநேரம் அப்படியே நின்றாள்.

"இன்னைக்கு வரலையே," என்றாள்.

ஜோதி நிமிர்ந்து பார்த்தாள். மதினி ஊருக்குப் போகாத எல்லா ஞாயிற்றுக்கிழமைகளும் ஒரே நேரத்தில் புரிந்தன. நாளைக்கு வருவாரு என்று சொல்லிவிடலாம். வாய்வரை வந்தது. ஆனால் நாளைக்கும் இவள் இதே இடத்தில் வந்து நிற்பாளே.

பஞ்சைப் பிரித்துக் கையை நீட்டினாள். "கோழிக் கால்ல இருந்துச்சு மதினி."

கனகலட்சுமி அந்தப் பச்சையைப் பார்த்தாள். பெட்டியிலிருந்த கோழியைப் பார்த்தாள்.

"நல்லாத்தான கூட்டுனேன். மூணு தடவ கூட்டுனேனே."

"தெரியும் மதினி."

கனகலட்சுமி தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்தாள். இருட்டிக்கொண்டு வரும் சந்து. சிமெண்டுத் தரையில் ஒரு செவலை இறகு.

"அம்புட்டுத்தானா," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் எழுமலை பஸ் ஏறினாள். புறப்படும்போது, "கட்ட மாத்த மறந்துராத, அது பொழைக்கட்டும்," என்று மட்டும் சொன்னாள். சாயங்காலம் ஜோதி கோழியைச் சந்தில் இறக்கிவிட்டாள். கட்டுப் போட்ட காலை ஊன்றி, நின்று நின்று, அது சந்து முழுக்க நடந்து போனது. சத்தமே இல்லை.

உள்ளே வந்து பாலை அடுப்பில் வைத்தாள்.