டத்தோ திறந்த சட்டி

சட்டியின் மூடியை முதலில் திறந்தவர் தனேஸ்வரன். திறக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. புகைப்படக்காரர் வந்திருந்தார், அவ்வளவுதான்.

"அங்கிள், திறக்காதீங்க!" என்று புனிதா கத்துவதற்குள் அவர் கொக்கியை மாட்டித் தூக்கிவிட்டார். மூடிமேல் பரப்பியிருந்த கங்குகள் சரிந்து இரண்டு புல்லில் விழுந்தன. ஒன்று உடைந்து, அதன் சாம்பல் உள்ளே உப்பிக்கொண்டிருந்த ரொட்டிமேல் திருநீறு பூசியது போல இறங்கியது. தனேஸ்வரன் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். படம் சரியாக வரவில்லை என்று இன்னொரு முறை தூக்கினார்.

பெடாஸுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில், தொழிலாளர்கள் குடியிருந்த பழைய லயங்களை இடித்துத் தள்ளிய திடலில் அவர் ஒரு முகாம் போட்டிருந்தார். கோலாலம்பூர்க்காரர்கள் வந்து, கூடாரத்தில் படுத்து, கொசுக்கடி வாங்கிக்கொண்டு, அதற்குக் காசும் கொடுத்துவிட்டுப் போகிற இடம். 'தோட்டத்துப் பாரம்பரிய முகாம்' என்று பெயர். இன்று அதன் திறப்பு விழா. வரப்போகிற பெரிய மனிதர், டத்தோ பட்டம் வாங்கியவர், சாப்பிட்டுவிட்டுத் தலையாட்டினால், முகாமின் சமையற்கூடம் ஒரு வருடத்துக்குப் புனிதாவுக்கு. அப்படித்தான் பேச்சு.

அந்தச் சமையற்கூடம் அவளுக்கு வேண்டும். பேங்க் வேலையை விட்டுவிட்டு, தெமியாங்கில் வாடகை வீட்டின் பின்பக்கத்தில் அவளும் கணவன் தேவனும் சமைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். புகை வருகிறதென்று பக்கத்து வீட்டில் புகார். மாதக் கடைசிக்குள் அடுப்பை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நீங்களே கிளம்புங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

அவள் செய்வது கோழிக்கறியை உள்ளே வைத்து மூடிச் சுடுகிற பெரிய ரொட்டி. டச் ஓவனில்தான் சுட வேண்டும் என்பது தனேஸ்வரனின் நிபந்தனை. குட்டையாக மூன்று கால், விளிம்பு தூக்கிய மூடி, ஆளை முறித்துவிடும் கனம். அந்த இரும்புச் சட்டிக்கு மேலேயும் கீழேயும் கரி வைக்க வேண்டும். ரொட்டிக்கு மேலே நிறைய, கீழே கொஞ்சம். கீழே கூடினால் அடி தீய்ந்துவிடும். மேலே குறைந்தால் ரொட்டி காய்ச்சல்காரன் மாதிரி வெளுத்துக் கிடக்கும். காற்றடிக்கிற பக்கம் கங்கு சீக்கிரம் தீர்ந்துபோகும் என்பதால் சட்டியை ஒரு பக்கமும் மூடியை எதிர்ப்பக்கமும் அவ்வப்போது கொஞ்சம் திருப்பிவிட வேண்டும். எது செய்தாலும், திறக்க மட்டும் கூடாது. இவ்வளவையும் அவள் வீடியோ பார்த்து, ஒரு மாதம் ரொட்டியைக் கரியாக்கிக் கற்றிருந்தாள்.

இரண்டாவதாகத் திறந்தவர் தோட்டத்து மானேஜர். "உள்ள என்னன்னு பாக்கத்தான் லா," என்றார்.

மூன்றாவதாக டத்தோவின் சிறப்பு அதிகாரி நல்லசாமி. டத்தோ ரெம்பாவில் இன்னொரு திறப்பு விழாவில் இருந்தார். அவர் வருவதற்குள் நல்லசாமி ஒத்திகை பார்க்க வேண்டுமாம்.

"டத்தோ இந்தப் பக்கம் நிப்பாரு. வலது கையால தூக்குவாரு. புகை இந்தப் பக்கம் போகணும், அவர் முகத்துல படக்கூடாது."

"புகைகிட்ட நான் சொல்லி வைக்கிறேன் சார்," என்றாள் புனிதா. "நீங்க மூடியக் கீழ வைங்க. உள்ள இருக்கிற சூடெல்லாம் போகுது."

"கொஞ்ச நேரம்தானேம்மா."

"கொஞ்ச நேரம் கொஞ்ச நேரம்னு ஆளாளுக்குத் திறந்தா எப்படி வேகும்? உங்க ஆபீஸ் கதவா இது?"

நல்லசாமி கேட்காதது போல மூடியை இன்னும் ஒரு சாண் உயர்த்திப் பார்த்தார்.

இதற்கிடையில் தனேஸ்வரன் மைக்கைப் பிடித்திருந்தார். "நமது மூதாதையர்கள் இந்தத் தோட்டத்தில், இதே டச் ஓவனில்தான், கரி நெருப்பில் தங்கள் உணவைச் சமைத்தார்கள்..."

புனிதாவுக்குக் காது சூடாகிவிட்டது. இடுக்கியைக் கையில் பிடித்தபடியே மேடைக்குக் கீழே போய் நின்றாள்.

"எங்க தாத்தா மண்ணெண்ண டின்னுல கஞ்சி காய்ச்சினாரு அங்கிள். உங்க தாத்தா ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி. அவருக்குச் சமைக்கத் தனியா ஆள் இருந்திச்சு. இதுல யாரு இந்தச் சட்டியக் கண்டா?"

தனேஸ்வரன் மைக்கைக் கையால் பொத்தினார். "விருந்தாளிங்க இருக்காங்க புனிதா. இது பாரம்பரியம்மா. எல்லாத்தையும் அப்படியே எடுத்துக்கக் கூடாது."

"போன மாசம் ஆன்லைன்ல வாங்கின பாரம்பரியம்."

தேவன் வந்து அவள் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். "சண்ட அப்புறம் போடு. ரொட்டியப் பாரு."

பார்த்தாள். ரொட்டி நடுவில் குழி விழுந்து அமுங்கியிருந்தது. மேலே வெள்ளை, அடியில் கறுப்பு. திருநீறு வேறு. அதைத் தூக்கிப் பக்கத்தில் போட்டபோது பச்சை மாவு உள்ளே நெளிந்தது.

"முடிஞ்சு போச்சு," என்றாள். குரல் உடைந்தது, உடனே கோபம் அதைத் தூக்கி நிறுத்தியது. "ஒரு மாசம் நான் கைய சுட்டுக்கிட்டேன். இவனுங்க சிரிச்சுக்கிட்டே கெடுத்துட்டாங்க. கேட்டா பாரம்பரியம்!"

"இன்னொரு மாவு இருக்கில்ல?"

"இருக்கு. அதையும் திறப்பானுங்க."

"திறக்கட்டும்," என்றான் தேவன். "திறக்கிறதுக்கு ஒரு சட்டி. வேக வைக்க ஒரு சட்டி."

புனிதா அவனையே பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

லோரிக்குப் பின்னால் காற்றுப் படாத இடம். மாற்றுக்குக் கொண்டுவந்திருந்த இரண்டாவது சட்டி மிச்ச மாவோடு அங்கே போனது. மேலே நிறைய, கீழே கொஞ்சம். தேவன் காவலுக்கு உட்கார்ந்தான். மேடைக்கு முன்னால் முதல் சட்டியைக் கழுவி, பாதி தண்ணீர் ஊற்றி, அடியில் கரியைக் கொட்டி, மூடிமேல் சிவக்கச் சிவக்கக் கங்குகளைக் குவித்தாள். வேகிற சட்டியைவிட வேகாத சட்டி கம்பீரமாக இருந்தது.

டத்தோ தன் மனைவி டத்தினோடு வந்தார். டத்தோவின் கழுத்தில் மாலை விழுந்தது. வலது கையால் மூடியைத் தூக்கினார். ஆவி குபுகுபுவென்று எழுந்து, நல்லசாமி சொன்னதைக் கேட்காமல், நேரே டத்தோவின் முகத்தில் அடித்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு ஆழமாக மூச்சிழுத்தார்.

"ஆஹா! ஏலக்காய்! நம் முன்னோர்களின் கைமணம் அப்படியே இருக்கிறது!"

கூட்டம் கைதட்டியது. தனேஸ்வரன் எட்டிப் பார்த்தார். சட்டிக்குள் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. வேறு எதுவும் இல்லை. அவர் தண்ணீரைப் பார்த்தார், டத்தோவைப் பார்த்தார், மறுபடி தண்ணீரைப் பார்த்தார்.

"ஆமா டத்தோ," என்றார். "ஏலக்காய்தான்."

நல்லசாமியும் மோந்து பார்த்து, கொஞ்சம் கிராம்பும் இருக்கிறது என்றார்.

தனேஸ்வரன் சிரிப்பைக் கலைக்காமலே பல்லுக்கிடையில் கேட்டார். "ரொட்டி எங்கம்மா?"

"வேகுது. யாரும் திறக்காததால."

டத்தோ நீளமாகப் பேசினார். அன்றைக்கு அது நல்லதாகப் போயிற்று. அவர் பேசி முடிக்கவும் தேவன் ரொட்டியைத் தூக்கிக்கொண்டு வரவும் சரியாக இருந்தது. மேலே தேன் நிறத்தில் மினுங்கியது. புனிதா கத்தியை இறக்கியதும் மேல்தோல் நொறுங்கி, உள்ளிருந்து கறியின் மணம் மேசை முழுக்கப் பரவியது. டத்தோ இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். குழம்பை ரொட்டியால் வழித்தார். கை கழுவப் போகும்போது சொன்னார்:

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தச் சட்டியத் திறந்தப்ப வந்த வாசம் இதுல இல்ல."

"அது வேற டத்தோ," என்றார் தனேஸ்வரன்.

புனிதாவின் கை கத்திப்பிடியில் இறுகியது. தேவன் மெதுவாகக் கத்தியை வாங்கிக்கொண்டான். ஆனால் டத்தோ தலையாட்டிவிட்டார். தலையாட்டியதைப் புகைப்படக்காரர் எடுத்தும்விட்டார். தனேஸ்வரன் சமையற்கூடத்துச் சாவியை நீட்டினார்.

"ஒரு வருஷம் உனக்குத்தான். ஒண்ணே ஒண்ணு. வர்றவங்க திறக்கிறதுக்கு அந்தச் சட்டியும் முன்னால இருக்கணும்."

"இருக்கட்டும்," என்றாள் புனிதா, சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கி. "தண்ணி நீங்க ஊத்துங்க, கரி நீங்க போடுங்க. அதுல நான் கை வைக்க மாட்டேன். என் சட்டிகிட்ட எவனாவது கொக்கியத் தூக்கிட்டு வந்தான், இந்த இடுக்கியாலேயே போடுவேன். டத்தோவா இருந்தாலும் சரி."

தேவன் சாமான்களை லோரியில் ஏற்றத் தொடங்கினான். முன்னால் இருந்த சட்டியைக் கவிழ்த்து, அந்தத் தண்ணீராலேயே கங்குகளை அணைக்கப் போனான். மேடைப் பக்கமிருந்து தனேஸ்வரன் கைகளை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"கொட்டாத தம்பி, கொட்டாத! டத்தின் இன்னும் திறக்கல!"