கறுப்புக் கயிறும் இன்சுலின் குழாயும்

என் இடுப்பில் ஒரு சின்ன மெஷின் தொங்குகிறது. கையில் ஒட்டிய சென்சர் சீனி அளவைச் சொல்லச் சொல்ல, அது மெல்லிய குழாய் வழியாக வயிற்றில் இன்சுலினை விடும். பிரசவம் வரைக்கும் ஆஸ்பத்திரி தந்த இரவல். "வாரக்கணக்கா ஒன்ன வார்டுல படுக்க வச்சு, பிள்ளைய கண்ணாடிப் பெட்டியில வைக்கிற செலவுக்கு இது எவ்வளவோ மலிவு லா ரூபினி," என்றாள் நர்ஸ் மோகனா.

போன தடவை வெறும் ஊசிதான். சீனி ஏறி இறங்கி, எட்டாம் மாதம் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே அடங்கிவிட்டது. அதனால் இந்த முறை தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் எனக்கு வீட்டுச் சிறை. என் கணவன் வசந்தன் லோரியை நிறுத்தும் இடமெல்லாம் போனில் என் சீனியைப் பார்க்கிறான். மாமியார் வேலம்மா அத்தை என்னை வாசல் தாண்ட விடுவதில்லை. என்னைத் திட்டாத ஒரே ஆள் அந்த மெஷின்தான்.

வளைகாப்பன்று புடவை கட்டி முடித்ததும் அத்தை கறுப்புக் கயிற்றோடு வந்தார். குழாயின் மேலேயே இடுப்பைச் சுற்றி இறுக்கி முடிந்தார்.

"கொழா இருக்கு அத்தை, மெதுவா."

"கண்ணு படக்கூடாது. பிள்ள பொறக்கிற வரைக்கும் இத அவுக்காத."

நல்ல நாளில் எதற்குச் சண்டை என்று கயிற்றின் மேல் புடவையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

லயத்துப் பெண்கள் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, வளையல் போட ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு மணியம்மா அக்கா சர்க்கரைப் பொங்கலை ஊட்டினார். சாப்பாட்டுக் கணக்கை மெஷினில் முன்பே போட்டிருந்ததால் தைரியமாக விழுங்கினேன். சற்று நேரத்தில் அது கத்தத் தொடங்கியது.

"யாரு போனுலா அது?" என்று சிரித்தார்கள்.

எனக்குத் தெரியும் அந்தச் சத்தம். குழாய் அடைபட்டுவிட்டது, இன்சுலின் இறங்கவில்லை. வசந்தனோ கம்போங் ராஜா டவுன் நெரிசலில் லோரியோடு மாட்டியிருந்தான். கையை இழுத்தேன்.

"பாதியில எந்திரிக்கக்கூடாதும்மா," என்று மணியம்மா அக்கா தோளை அழுத்தினார்.

மாலை, பட்டு, வளையல், சுற்றிலும் சிரித்த முகங்கள். உள்ளே பிள்ளை சீனியில் ஊறுகிறது, நான் கொலு பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்!

உதறிக்கொண்டு எழுந்தேன். இரண்டு வளையல் உடைந்தது. கயிற்றில் கை வைத்ததும் அத்தை ஓடிவந்து பிடித்துக்கொண்டார்.

"போன தடவ கட்டாம விட்டேன்டி. என்னாச்சு?"

இத்தனை காலமும் பழியைத் தன் தலையில் சுமந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"அது கண்ணேறு இல்ல அத்தை, சீனி. இப்பவும் ஏறுது, பாருங்க."

மெஷினைக் காட்டினேன். எண் புரியாவிட்டாலும் மேலே நிமிர்ந்து நின்ற அம்பு அவருக்குப் புரிந்தது. பூ வெட்டிய கத்தரிக்கோலை எடுத்துவந்து அவரே கயிற்றை வெட்டினார்.

குழாயை நீவி மெஷினை மறுபடி ஓட விட்டேன். எல்லாரும் பொங்கலை மறந்து அந்த அம்பையே பார்த்திருந்தார்கள். வெகுநேரம் கழித்து அது மெல்லக் கீழே சாய்ந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அத்தை கீழே கிடந்த கயிற்றைப் பொறுக்கி, மெஷின் உறையில் தளர்வாகக் கட்டினார்.

"இதுக்கும் கண்ணு படக்கூடாதுல்ல?"

பாவம், இனி அதுவும் வாசல் தாண்ட முடியாது.