மழை வாரத்தில் தட்டிய மரங்கள்

மரச்சுத்தியலால் இரண்டாம் முறை தட்டியபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது. 'டொக்' என்று சொல்லவேண்டிய மரம் 'டொம்' என்றது, காலிப் பீப்பாய் மாதிரி. தட்டிய இடம் சரியில்லையோ என்று முழங்கால் உயரத்தில் தட்டினாள், தோள் உயரத்தில் தட்டினாள், சுற்றிப் போய்ப் பின்பக்கமும் தட்டினாள். எங்கே தட்டினாலும் அதே டொம்.

அவள் வந்தது வேறு வேலைக்கு. வெளுத்துப்போன பச்சைப் பொட்டுக்குப் புதுப் பெயின்ட் அடிக்க வந்தவள், கை சும்மா இருக்காமல் தட்டிவிட்டாள். அந்தப் பூங்காவில் பச்சைப் பொட்டு வைத்த மரத்தை யாரும் வெட்டக்கூடாது. பொட்டு வைத்தது இவள்தான். அந்தப் பழம்பெரும் பூங்காவை அடுத்த நூறு வருடம் எப்படிக் காப்பாற்றுவது, எந்த மரத்தை விட்டுவைப்பது, வெட்டிய இடத்தில் எந்தக் கன்றை நடுவது என்று திட்டம் போட்டதும் இவள்தான். இந்த மரத்துக்கு ஊர் வைத்த பெயர் பெரியப்பா. வயதுக்குத் தந்த மரியாதை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கேட்கவா வேண்டும், பெரியப்பாவின் நிழலில் பாதி ஊர் உட்கார்ந்திருந்தது. நடு பெஞ்சில் அவளுடைய மாமனார், இரண்டு பக்கமும் அவருடைய கூட்டாளிகள். காற்று எழும்பத் தொடங்கியிருந்தது.

போன வருடம் சாலை இன்ஜினீயர் ஒற்றைக்காலில் நின்றார். "இதெல்லாம் கிழடு தட்டின மரம். என்னைக்கு எவன் தலையில விழுமோ. வெட்டித் தள்ளுங்க." இவளா விடுகிறவள்? வெட்டுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் பொதுக்கூட்டத்துக்கு முந்தைய வாரம் சுத்தியலும் கையுமாக இறங்கினாள். "பெரியப்பா இன்னும் நூறு வருஷம் நிப்பாரு, அதுக்கு நான் பொறுப்பு" என்று கூட்டத்தில் அடித்துச் சொன்னாள். கைதட்டல் காதைப் பிளந்தது. இன்ஜினீயர் தொங்கிப்போன முகத்தோடு வெளியேறினார்.

அந்த வாரம் விடாத மழை. மழை விட்டு மரம் காயும்வரை தட்டிப் பார்க்கக்கூடாது என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. பொந்துக்குள் தண்ணீர் நின்றால் ஓட்டை மரமும் கெட்டி மரம் போலத்தான் சத்தம் கொடுக்கும். அது தெரியாதவளா? தெரிந்தும், மழையாவது மண்ணாங்கட்டியாவது என்று தட்டினாள். கூட்டத்தில் ஜெயிக்கவேண்டும், அவ்வளவுதான் அன்றைக்குக் கண்ணில் இருந்தது. இப்போது அடிமரத்து வெடிப்பிலிருந்து ஒரு கறை வேர்வரை கறுப்பாக வழிந்து காய்ந்திருந்தது. உள்ளே இருந்த தண்ணீரைத்தான் மரம் என்று நினைத்திருக்கிறாள்.

மேலே கிளைக்கவட்டில் ஏதோ முனகியது. அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"எல்லாரும் கொஞ்சம் எழுந்திருங்க. இந்த மரத்தடியில இருக்க வேணாம்."

ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த ஓர் அம்மாள் சிரித்தாள். "என்னம்மா, நீங்கதானே நூறு வருஷம் நிக்கும்னு சொன்னீங்க? அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?"

"சொன்னேன். இப்ப வேணாம்னு சொல்றேன்."

ஒருவரும் அசையவில்லை. அவர்களைச் சொல்லி என்ன பயன்? நம்பு நம்பு என்று ஊரையே நம்பவைத்தது யார்? அவள் மாமனாரிடம் ஓடினாள். அவரோ மருமகள் பெருமை பேச வாய்ப்புக் கிடைத்ததே என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இவ தட்டிப் பாத்த மரம்ப்பா இது. எங்க வீட்டுப் பொண்ணு சொன்னா கல்லுல எழுதின மாதிரி. அதனாலதான் நான் இந்த பெஞ்சை விட்டு வேற எங்கயும் உக்காருறதில்ல."

"மாமா, முதல்ல எழுந்திருங்க."

"காத்து நல்லா வருதும்மா. நீயும் வந்து உக்காரு."

சொல்லித்தான் ஆகவேண்டும், அதுவும் இத்தனை பேர் முன்னால். சொன்னால் நாளைக்கே இன்ஜினீயர் இயந்திர ரம்பத்தோடு வந்து நிற்பார், நூறு வருடத் திட்டம் குப்பைத்தொட்டிக்குப் போகும். போய்த் தொலையட்டும். இந்த மனிதர் என்னை நம்பியல்லவா இங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நான் தப்பு பண்ணிட்டேன் மாமா. உள்ள ஒண்ணுமே இல்ல. வெறும் கூடு."

அவர் முகத்துச் சிரிப்பு அடங்க ஒரு கணம் பிடித்தது. பிறகு தடியை ஊன்றி எழுந்தார். "எழுந்திருங்கடா" என்றார் கூட்டாளிகளிடம். அவர் எழுந்த வேகத்தைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்கு உறைத்தது. ஒரு தகப்பன் குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டான். கூட்டம் முணுமுணுத்தபடியே நடைபாதையின் எதிர்ப்பக்கம் போய் நின்றது.

காற்று ஒருமுறை பலமாக அடித்தது. பெரியப்பா குலுங்கினார், விழவில்லை.

"நல்லாத்தானே நிக்குது" என்றாள் ஐஸ்கிரீம் அம்மாள். விட்டுவந்த இடத்தைப் பார்த்து ஓரடி எடுத்தும் வைத்தாள்.

மருமகள் குறுக்கே கையை நீட்டி மறித்தாள். விழுந்து தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினாள். எந்த மரத்துக்காக ஊரோடு மல்லுக்கு நின்றாளோ, அதே மரத்திடம். விழுந்தாலாவது இவர்கள் நம்புவார்கள்.

மாமனார் மூச்சு வாங்கியபடி எதிர்ப்பக்கத்து மரத்தில் சாய்ந்துகொண்டார். "எப்படிம்மா தப்பாச்சு?" என்றார், மற்றவர்கள் காதில் விழாதபடி.

"மழை மாமா. ஈரத்துல தட்டினா உள்ள இருக்கிறது தெரியாது. தெரிஞ்சேதான் தட்டினேன்."

"சரி விடு. ஒரு மரம்தானே. மத்ததையெல்லாம் எப்பத் தட்டின?"

அவள் பூங்காவைத் திரும்பிப் பார்த்தாள். நடைபாதை நெடுக மரங்கள், அதற்கு அப்பால் குளக்கரைவரை மரங்கள், ஒவ்வொன்றின் அடியிலும் துணி விரித்து யாராவது படுத்திருந்தார்கள், யாராவது பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். மாமனார் சாய்ந்திருந்த மரத்தின் உச்சி காற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்து, மெல்லத் திரும்பி வந்தது.

"அதே வாரம்தான் மாமா" என்றாள்.