முந்நூறு மீட்டர்

"சும்மா அதையே மொறச்சுப் பாக்காத சோபனா. மெஷின் தப்பாக் காட்டும்" என்றார் என் வீட்டுக்காரர் மதியழகன்.

லாரி முதலாளி வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஜிபிஎஸ் பதிவு என் கைப்பேசியில் இருந்தது. நேற்று தொப்பூர் இறக்கத்தில் இவர் ஓட்டிய லாரி வளைவில் நின்ற காரில் மோதி, மூன்று பேர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள். மூன்றாவது கியரில் மெதுவாகத்தான் வந்தாராம். வளைவில் மிதித்தால் பிரேக்கே பிடிக்கவில்லையாம். முந்தின நாள் அந்தப் பிரேக்கைச் சரிபார்த்துக் கொடுத்த மெக்கானிக் என் அண்ணன் வீரமணி. காலையிலிருந்து அவனை ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

"சத்தியமாச் சொல்லுங்க. கியரக் கழட்டி நியூட்ரல்ல வுட்டீங்களா?"

"பொழப்பத்த கேள்வி. டீசல் மிச்சம் புடிக்க அந்த எறக்கத்துல எல்லாரும் வுடறதுதான். நேத்து நான் வுடல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருடாவருடம் பதினோராம் வகுப்பில் நான் நடத்துகிற கணக்குதானே இது? பழைய வினாத்தாளைத் திருப்பிப் போட்டு எழுதினேன். முதல் பதிவில் வேகம் முப்பத்தாறு கிலோமீட்டர். இருபது விநாடி கழித்து, மோதும்போது, எழுபத்திரண்டு. பாரம் ஏற்றிய லாரி மூன்றாவது கியரில் எழுபத்திரண்டைத் தொடுமா? விநாடிக்குப் பத்து மீட்டரில் தொடங்கி இருபதில் முடிந்திருக்கிறது. சராசரி பதினைந்து. இருபது விநாடிக்கு முந்நூறு மீட்டர். கடவுளே, தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு மறுபடி போட்டேன். மாணவி யாராவது இப்படி வேண்டிக்கொண்டு கணக்குப் போட்டிருந்தால் வெளியே நிறுத்தியிருப்பேன்.

மறுபடியும் முந்நூறுதான் வந்தது. வளைவுக்கு முந்நூறு மீட்டர் மேலேயே, இவர் பிரேக்கில் கால் வைப்பதற்கு முன்னாலேயே, வண்டி நியூட்ரலில் தறிகெட்டு ஓடத் தொடங்கிவிட்டது.

"கெளம்புங்க. இத ஸ்டேஷன்ல குடுத்துட்டு அண்ணன அழைச்சிட்டு வரலாம்."

தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். என் விரலிலிருந்து பேனாவை உருவி, 300-இல் கடைசிப் பூஜ்யத்தை அடித்தார்.

"முப்பதுன்னு இருக்கட்டுமே. வளைவுல பிரேக் புடிக்காமத்தான் வண்டி ஓடுச்சுன்னு ஆயிரும். ஸ்டேஷன்ல யாருக்கு இந்தக் கணக்கு தெரியப்போவுது? மச்சானுக்குப் பட்டறை இருக்கு. எனக்கு லைசென்ஸ் போச்சுன்னா என்ன இருக்கு, சொல்லு?"

"பேனாவக் குடுங்க" என்று கையை நீட்டினேன்.

மூடியைப் போட்டுத் தன் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். நீட்டிய கையை நான் மடக்கவில்லை.