நாலாவது படி

கொல்லிமலையில் எங்கள் ஊரில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே வெயிலில் லேப்டாப்போடு மூன்று நாள் உட்கார்ந்தேன். மிளகு காயப்போடுகிறவர்களுக்கு மழை வருவதைச் சொல்லும் செயலி ஒன்று இருக்கிறது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று அதன் நிரலைப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். திருத்தத் தேவையான மென்பொருள்களை நிறுவ வழிகாட்டியும் உண்டு. அதன் முதல் வரி, ‘பத்தே நிமிடம் போதும்.’ பத்து நிமிடமாம்.

ஒவ்வொரு முறையும் வழிகாட்டியின் நாலாவது படியில் நின்றுபோனது. மூன்றாம் நாள்தான் கண்டுபிடித்தேன். நிறுவ வேண்டிய ஒரு மென்பொருளை எழுதாமலே விட்டிருக்கிறார்கள். அந்த வரியைச் சேர்த்து அனுப்பினேன். வழிகாட்டியை எழுதிய நந்தகுமார் அதைப் படிக்காமலே நிராகரித்தார். “எனக்கு ஓடுது. வழிகாட்டியை நிதானமாப் படிங்க, எல்லாம் அதுல இருக்கு” என்று பதில் போட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருக்கு ஓடினால் ஊருக்கே ஓடிவிடுமா?

ஞாயிற்றுக்கிழமை, புதியவர்களுக்கான வீடியோ கூட்டத்திலும் அதையே சொல்லி, தன் கணினியில் ஓட்டிக் காட்டினார்.

“உங்க கணினியில அஞ்சு வருசமா எல்லா மென்பொருளுமே இருக்குதுங்க,” என்றேன். “ஒண்ணுமே இல்லாத புது லேப்டாப்புல போட்டுக் காட்டுங்க.”

பதினோரு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரால் மறுக்க முடியவில்லை. நாலாவது படியில் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. திரும்பத் திரும்ப முயன்றார். நாற்பது நிமிடம் போனது.

“யமுனா, என்னதாங்க விட்டுப்போச்சு?”

“வழிகாட்டியை நிதானமாப் படிங்க,” என்றேன். “எல்லாம் அதுல இருக்குதுங்க.”