ஒன்பது வாட்டும் உப்பு மண்ணும்

யோக்கியமாக ஆடியவன்மேல் திருட்டுப் பட்டம் கட்டினால் கோபம் வருமா, வராதா? 1936-ல் எனக்கு வந்தது.

அப்போது ஆம்பூரில் என் மாமு நிசார் அஹமதின் தோல் பதனிடும் டேனரியில் பம்பும் மோட்டாரும் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னறையில், சர்க்கார் உரிமம் வாங்கி, ஒரு சின்ன வானொலி நிலையம் வைத்திருந்தேன். பேச்சு கிடையாது, தந்திக் குறியீடுதான். அந்தத் தை மாதம் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு போட்டி, இரண்டு சனி ஞாயிறுகளில். எங்கோ இருக்கும் நிலையத்தைக் கூப்பிட வேண்டும். அங்கிருப்பவன் பதில் சொல்லி, இருவரும் எண் மாற்றிக்கொண்டு நோட்டில் எழுதினால் ஒரு புள்ளி. கருவியின் சக்தி பத்து வாட்டைத் தாண்டக் கூடாது.

முதல் வாரம் நாற்பத்தொரு நிலையங்களைப் பிடித்தேன். கொழும்பு, ரங்கூன், ஆப்பிரிக்காவில் மொம்பாசா. அதுவரை பெங்களூரைப் பிடிக்கவே நாக்குத் தள்ளும். எப்படி இப்படி ஆயிற்று என்று எனக்கே விளங்கவில்லை. யாரோ ஒரு புண்ணியவான், ஆம்பூர்க்காரன் நூறு வாட் அடிக்கிறான் என்று மதராஸுக்கு எழுதிப் போட்டுவிட்டான்.

இரண்டாம் சனிக்கிழமை காலை, நான் ரங்கூனுடன் எண் மாற்றி முடித்த நேரம், மதராஸிலிருந்து வானொலி இன்ஸ்பெக்டர் ராமமூர்த்தி மீட்டர் பெட்டியோடு வந்து நின்றார். அளந்தார். ஒன்பது வாட்.

"இன்னைக்கு ஒன்பது. போன வாரம் எவ்வளவோ? பெரிய செட்டை எங்க வெச்சிருக்கீங்க, ஷபீ சாயபு?"

"தேடிப் பாருங்க சார். தோல் தொட்டியில வேணும்னாலும் எறங்கிப் பாருங்க."

அவர் சிரிக்கவில்லை. "ஒன்பது வாட்ல மொம்பாசா எப்படிப் போச்சு? காரணம் சொல்லுங்க. இல்லன்னா உரிமத்தை எடுத்துட்டுப் போறேன்."

அந்த உரிமத்துக்கு இரண்டு வருஷம் காத்திருந்தேன். அந்த அறை போனால் எனக்கு மிஞ்சுவது பம்பும் மோட்டாரும்தான்.

"சமீபத்துல எதையாவது மாத்தினீங்களா?" என்று கேட்டார்.

யோசித்தேன். ஏரியல் கம்பி அதே பனைமரத்தில்தான் செங்குத்தாக நின்றது. அதற்குத் துணையாக மண்ணில் புதைத்த செப்புத் தகட்டை மட்டும் இடம் மாற்றியிருந்தேன். கிணற்றடியில் கம்பி தடுக்குகிறது என்று மாமு கத்தியதால், மூன்று வாரம் முன்பு உப்புக் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய்ப் புதைத்தேன். அதைச் சொன்னதும் அவர் கண் விரிந்தது. "காட்டுங்க" என்று எழுந்துவிட்டார்.

கொட்டகையில் கோவிந்தம்மாள் பச்சைத் தோலை உதறி உப்பைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இங்க எத்தனை வருஷமா உப்பு தட்டுறாங்க?" என்று அவளைக் கேட்டார்.

"முப்பது வருஷத்துக்கு ஜாஸ்தி இருக்கும்யா. அதான் இங்க புல்லுகூட மொளைக்காது."

இன்ஸ்பெக்டர் குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தார். முகம் கோணியது.

"இன்னா பாய், இவரு மண்ணத் துன்றாரு?" என்று கோவிந்தம்மாள் என் காதில் கேட்டாள்.

"உப்பு ஈரம் மின்சாரத்தை நல்லா வாங்கும். அதான் அலை அவ்வளவு தூரம் போயிருக்கணும்," என்றார் அவர், துப்பிவிட்டு. "தகட்டை எடுங்க, பார்ப்போம்."

தோண்டிக் கம்பியை இழுத்தேன். கம்பி மட்டும் கையோடு வந்தது. பற்றவைத்த இடம் பச்சை பூத்து அரித்திருந்தது; இழுத்ததும் விட்டுப்போயிற்று. என் போட்டி முடிந்தது என்று நினைத்தேன். அவரோ, "ரொம்ப நல்லது. தகடு இல்லாமலே கூப்பிடுங்க. சக்தி அதே ஒன்பதுதான். இப்பவும் தூரத்துலேருந்து பதில் வந்தா, நீங்க சொன்ன காரணம் பொய்" என்றார்.

அறைக்குத் திரும்பினோம். நான் தந்திக் கட்டையைத் தட்டினேன். அவர் ஒரு கண்ணை மீட்டரில் வைத்துக்கொண்டு, ஹெட்போனைத் தன் காதிலேயே மாட்டிக்கொண்டார்.

"கொழும்பு கேக்குது. ரங்கூனும் கேக்குது," என்றார்.

எனக்கு உயிரே போயிற்று. "நம்மளையா சார் கூப்பிடுறாங்க?"

"இருங்க. அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிறாங்க."

மறுபடி கூப்பிட்டேன். மறுபடியும். யாராவது பதில் தரமாட்டானா என்று ராத்திரி பகலாகத் தவம் கிடந்தவன் நான். அன்றைக்கு, யா அல்லா, ஒருத்தனும் வாயைத் திறக்கக் கூடாது என்று மனசுக்குள் மன்றாடிக்கொண்டே தட்டினேன். அரைமணி நேரம் அப்படி ஓடியது. விரல் மரத்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ஊரெல்லாம் பேசுது. உங்க குரல் மட்டும் ஒருத்தருக்கும் எட்டல, சாயபு."

எந்த வானொலிக்காரனும் கேட்க விரும்பாத வார்த்தை அது. அதைக் கேட்டு நான் குழந்தை மாதிரி அழுதுவிட்டேன்.