இமைக்காத நாடு

கணினி அட்டவணையில் நாடுகளின் பெயர்கள் இருந்த பத்தியைச் சுட்டியால் பிடித்து இழுத்து, வெள்ளைத் திரையின் நடுவில் விட்டால் போதும். உலகம் தானாக விரிந்துகொள்ளும். எத்தனை முறை செய்தாலும் அந்த ஒரு கணம் அவளுக்கு அலுத்ததில்லை. மற்றதெல்லாம் மாடாய் உழைக்கிற வேலை. ஒரே ஊரை ஏழு விதமாக எழுதி அனுப்புவார்கள். தேதியைத் தலைகீழாகப் போடுவார்கள். எல்லாவற்றையும் சீராக்கி, நிறம் ஏற்றி, தொட்டால் திறக்கிற மாதிரி செய்து வைக்க வேண்டும்.

அவளுடைய நிறுவனம் நாற்பத்தொரு நாடுகளில் சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகளுக்குத் தடுப்பூசிக் குளிர்பெட்டிகள் கொடுத்திருந்தது. பெட்டிக்குள் இரண்டு டிகிரியிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் மருந்து மருந்தில்லை. வெறும் தண்ணீரைக் குழந்தைக்குக் குத்துவதும் ஒன்றுதான். ஒவ்வொரு நாட்டிலும் ஒரு கள அலுவலர் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் அளவைக் குறித்து வாரம் ஒரு தாள் அனுப்புவார். அந்தத் தாள்கள்தான் அவளுடைய வரைபடத்தில் நிறமாக மாறின. சிவப்பும் பச்சையும் இயக்குநரின் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் என்பதால் ஆரஞ்சும் நீலமும் வைத்திருந்தாள். பெட்டிகள் குளிர்ந்திருந்தால் நீலம், அப்படிப்பட்ட பெட்டிகள் கூடக்கூட அடர்நீலம், சூடேறினால் ஆரஞ்சு, தாள் வராவிட்டாலோ காலியாக வந்தாலோ சாம்பல்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம். இருநூறு புதுப் பெட்டிகள் வந்திருந்தன. எந்தெந்த நாட்டுக்கு எத்தனை என்று இந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்யப்போகிறார்கள். வியாழன் மதியம் இயக்குநர் அவள் மேசைப் பக்கம் வந்து நின்றார்.

"இதை ஓட விட முடியுமாம்மா? மூணு வருஷத்தையும், சினிமா மாதிரி?"

"முடியும் சார்."

"பாட்டு வேண்டாம். படம் போதும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாரங்களை வரிசையாக நகர்த்தும் ஒரு பொத்தானை அவள் சேர்த்தாள். முதலில் அவள் பார்க்க விரும்பியது ஒரு சின்ன நாட்டைத்தான். திரையில் அது கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிதாக இருக்காது. அங்கேதான் அண்ணன் இருந்தார்.

உடன்பிறந்தவர் இல்லை. அந்த நாட்டின் கள அலுவலர், வேலைக்காக அங்கே போய்த் தங்கிய தமிழர். நேரில் பார்த்ததுகூட இல்லை. ஆறு வருடங்களாக வெள்ளிக்கிழமைதோறும் தாளை அனுப்பிவிட்டு, அனுப்பியதைச் சொல்ல ஒரு போன் செய்வார். "உன் வெள்ளிக்கிழமை அண்ணன் இன்னும் கூப்பிடலையா, அடுப்புல பால் இன்னும் பொங்கி வழியலையே?" என்று அவள் கணவன் கேலி செய்வான். அப்பா இறந்த வாரம் எல்லோரும் ஆறுதல் சொல்லிச் சொல்லி அவளைக் களைக்க வைத்தபோது, அண்ணன் மட்டும் எதுவும் சொல்லாமல் லைனில் இருந்தார். அங்கே ஒரு மின்விசிறி கிரீச்சிட்டுச் சுற்றுவது கேட்டுக்கொண்டே இருந்தது. அதன்பிறகு அவர்களுடைய பேச்சில் பாதி மௌனமாகவே ஆனது. இருவரில் யாரும் வைக்க மாட்டார்கள். பேசாமல் இருந்தும் சலிக்காத ஒரு மனிதர் தனக்குக் கிடைத்திருக்கிறார் என்று அவள் நினைத்திருந்தாள்.

நாளைய கூட்டத்துக்கான குறிப்பில் அவர் நாட்டை முன்மாதிரி என்று அவள்தான் எழுதியிருந்தாள்.

பொத்தானை அழுத்தினாள். உலகம் துடித்தது. வெயில் மாதங்களில் ஒரு பக்கம் முழுக்க ஆரஞ்சு ஏறியது, பிறகு இறங்கியது. எங்கோ வேலைநிறுத்தம், ஒரு நாடு மூன்று வாரம் சாம்பல். மின்வெட்டு வந்த இடங்கள் கண் சிமிட்டுவதுபோல் மாறி மாறித் தெரிந்தன. அண்ணனின் நாடு மட்டும் முதல் மாதச் சாம்பல் கழிந்ததும் வெளிர்நீலத்தில் தொடங்கி, சாயத்தில் மெல்ல முக்கி எடுக்கிற துணிபோல, வாரத்துக்கு வாரம் ஒரு மாற்று கூடி, அடர்நீலத்தில் வந்து நின்றது. ஒரு தடவைகூட இமைக்கவில்லை.

அவளுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. இன்னொரு முறை ஓட்டினாள். மூன்றாம் முறை பாதியில் நிறுத்தினாள்.

அது போன மழைக்காலத்து வாரம். அந்த மழையில்தான் ஆற்றுப்பாலம் போனது. அவரே சொன்னார். "அந்தப் பக்கம் ஈ காக்கா போகலை," என்றார். பதினோரு வாரம். நாட்டைத் தொட்டுத் திறந்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஏழு ஆஸ்பத்திரிகள். ஒவ்வொன்றின் வரியையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். பதினோரு வாரத்துக்கும் அளவு இருந்தது. நாலு புள்ளி ஆறு. நாலு புள்ளி எட்டு. நாலு புள்ளி ஏழு.

போனில் கேட்டதும் அவள் காதுதான். தாளைப் பார்த்ததும் அவள் கண்தான். இரண்டையும் அவள் ஒருநாளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

காலியாக இருந்த சின்ன கூட்ட அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவரைக் கூப்பிட்டாள்.

"என்னம்மா, வியாழக்கிழமையே கூப்பிடுறே? அங்க காலண்டர்ல ரெண்டு தாளைச் சேர்த்துக் கிழிச்சுட்டாங்களா?"

"அண்ணே, பாலம் போச்சே, அந்தப் பக்கத்து ஏழு ஆஸ்பத்திரிக்கும் எப்போ போனீங்க?"

மின்விசிறி கிரீச்சிட்டது.

"பாலம் கட்டினப்புறம்தான்."

"பதினோரு வாரத்துக்கும் அளவு இருக்கு."

"இருக்கும்," என்றார். "நீதானேம்மா காலியா விடாதீங்கண்ணேன்னு சொன்னே," என்றார்.

சொல்லியிருந்தாள். வரைபடம் தொடங்கிய முதல் மாதத்தில் அவர் நாடு சாம்பலாகக் கிடந்தது, இயக்குநர் சத்தம் போட்டார், அவள் கெஞ்சினாள்.

"போய்ப் பார்த்து எழுதச் சொன்னேண்ணே."

"நாப்பத்தாறு ஆஸ்பத்திரி. ஒரு வண்டி. அது நாலு நாள் ஓடினா மூணு நாள் படுத்துக்கும்."

"எத்தனைக்குத்தான் போறீங்க?"

"பதினெட்டு. தரை காஞ்சிருந்தா இருபது."

"மிச்சம்?"

"போன வாரத்து எண்ணை எடுத்துப் புள்ளிக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் மாத்துவேன். போன இடத்துல ஒண்ணு கெட்டுப்போயிருந்தா அதையும் கொஞ்சம் சரிக்கட்டிடுவேன். இல்லேன்னா உன் படம் அசிங்கமாயிடுமே." புதிதாகச் சேர்ந்தவருக்கு வேலை சொல்லிக்கொடுக்கிற குரலில் அதைச் சொன்னார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொன்னேனே. பாலம் போச்சுன்னு சொன்னேன். வண்டி படுத்துக்கிச்சுன்னு சொன்னேன். டிரைவருக்கு மஞ்சக்காமாலை, ரெண்டு மாசம் வரலைன்னு சொன்னேன். எதை மறைச்சேன்? நீ 'உம்'னு கேட்டுட்டுப் பேசாம இருந்தே. உனக்கு எல்லாம் தெரியும், தெரிஞ்சுதான் நீ விட்டுட்டு இருக்கேன்னு நான் நெனச்சேன்."

எண்களைப் பொய்யாக எழுதியதைக்கூட ஒருவிதமாகப் புரிந்துகொள்ள முடியும். ஆனால் ஆறு வருடத்து வெள்ளிக்கிழமைகளில் அவள் மனம் ஆறிய அந்த அமைதியை அவர் இத்தனை நாளும் தன் பொய்க்கு அவள் போட்ட கையெழுத்தாக வாங்கி வைத்திருக்கிறார். அப்பா இறந்த வாரம் லைனில் இருந்தவரும் இவர்தானா? அதையும் இனி எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"எது நிஜமா பார்த்ததுன்னு குறிச்சு அனுப்புங்க. காலையில பத்து மணிக்குள்ள."

"அனுப்பினா என் வேலை என்னாகும்?"

"போகலாம்."

"அனுப்பலைன்னா?"

"அனுப்பலைன்னாலும் நான் சொல்லிடுவேன்."

"அப்புறம் எதுக்கும்மா அனுப்பணும்?" என்றார், உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போல.

அவள் போனை வைத்தாள்.

காலை பத்து மணிவரை எதுவும் வரவில்லை. கூட்டத்தில் உலகம் சுவர் முழுக்க விரிந்தபோது அவள் எழுந்து, அந்த நாட்டின் மூன்று வருட அளவுகளையும் நம்ப முடியாது என்று சொன்னாள். பாலத்தையும் பதினெட்டையும் சொன்னாள். முன்மாதிரி என்று எழுதியது தான்தான் என்பதையும் சொன்னாள். முழுப் பூசணிக்காயைத் தன் தட்டிலிருந்தே தோண்டி எடுத்துக் காட்டுகிற மாதிரி இருந்தது.

இயக்குநர் கோபப்படவில்லை. சுட்டியைத் தன் பக்கம் வாங்கி இன்னொரு நீல நாட்டின் மேல் வைத்தார்.

"இது?"

"நம்பலாம்னு நெனைக்கிறேன் சார்."

"நேத்துக் காலையில கேட்டிருந்தா அதையும் இப்படித்தானே சொல்லியிருப்பே?"

"ஆமா சார்."

சுட்டி ஒவ்வொரு நாடாக நின்று நின்று போனது. நாடுகள் அதன் கீழே பெயரையும் எண்ணையும் காட்டி மறைந்தன. அறையில் யாரும் பேசவில்லை. அவளுக்கு மௌனம் முதல்முறையாகப் பயமாக இருந்தது.

"அந்த நாட்டுக்காரங்களுக்குப் பெட்டி வேணுமா, வேண்டாமா?"

"கட்டாயம் வேணும். எத்தனைன்னுதான் தெரியாது."

"தெரியாததுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முப்பதை நிறுத்தி வைக்கிறேன். ரெண்டு வாரம். அதுக்குள்ள யாராவது தெர்மாமீட்டரை எடுத்துட்டுப் போய்ப் பார்த்துட்டு வாங்க. இல்லேன்னா அதையும் கேக்குறவங்களுக்குக் கொடுத்துடுவேன்."

"நான் போறேன் சார்."

"நாப்பத்தாறு இடம்."

"தெரியும்."

"அந்த ஆளோட வேலையை நீ வந்தப்புறம் பேசலாம்," என்றார்.

பயணப் பிரிவு கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில் இருந்தது. அங்கிருந்த பெண் படிவத்தை ஒவ்வொரு வரியாகக் கேட்டு நிரப்பினாள். ஒரு வரியில் நின்றாள்.

"அங்க உங்களைக் கூட்டிட்டுச் சுத்துற ஆளோட நம்பர் வேணும் மேடம். தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

"ஒருத்தர்தான்."

போனைப் பார்க்காமலே எண்ணைச் சொன்னாள். அந்தப் பெண் எழுதிக்கொண்டு, "ஆத்தைக் கடந்து, காட்டு வழியெல்லாம் போகணும்ங்கிறாங்க. நம்பிப் போற ஆள்தானே?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"வழி தெரிஞ்சவர்," என்றாள் இவள்.